கன்னத்தில் இரண்டு மாத்திரை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மைலேஜுக்கு அந்த வாய்தான் சோறு. பழைய வண்டி வாங்கி விற்கும் தரகன். ஓட்டையும் துருவும் கைகோத்து நிற்கிற காரைக்கூட, "ஒரே ஆள் ஓட்டின வண்டி சார், அதுவும் கணக்கு வாத்தியார், பிரேக்கைக்கூட யோசிச்சுத்தான் போடுவார்" என்று சொல்லி, வாங்க வந்தவரை அந்த வாத்தியாருக்காகக் கண்கலங்க வைத்துவிடுவான். எந்த வண்டியைக் காட்டினாலும் மைலேஜில்தான் பேச்சை ஆரம்பிப்பான். சந்தையில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவன் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் ஊமையாகிவிடுவான். போதை மறுவாழ்வு மையத்து ஜன்னலில் மாத்திரை வாங்கிய நேரத்திலிருந்து வீட்டு வாசல்படி ஏறும் வரை, யார் கூப்பிட்டாலும் தலையாட்டல்தான். பக்தி முற்றிவிட்டது என்றார்கள் சிலர். பல்வலி என்றார்கள் சிலர். பல் விஷயத்தில் அவர்கள் சொன்னது பாதி சரி.

மையத்தில் கொடுப்பது, வலி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கு அதற்குப் பதிலாக வரும் மருந்து. மயக்காது, மிதக்க வைக்காது. ஆளை நேராக நிற்க வைத்து வேலைக்கு அனுப்பும், அவ்வளவுதான். நாக்குக்கு அடியில் வைத்துப் பத்து நிமிடம் கரைய விட வேண்டும். விழுங்கினால் வீண். யாரும் வெளியே கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக, ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் மருந்தாளர் அம்மாள் ஒவ்வொருவர் வாயிலும் பேனா விளக்கு அடித்துப் பார்ப்பார். நாக்கைத் தூக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், போ. பதினோரு வருடமாக ஊரார் நாக்கைப் பார்த்துப் பார்த்து அவருக்கு டார்ச் அக்கா என்றே பெயர் வந்துவிட்டது.

டார்ச் அக்காவின் வெளிச்சம் கீழே தேடும். மைலேஜுக்கு மேல் கடைவாயில், ஒரு விபத்தில் போன பல்லின் குழி இருந்தது. நாலு மாத்திரையில் இரண்டு நாக்குக்கு அடியில் கரையும். இரண்டு அந்தக் குழியில், கன்னத்தின் அணைப்பில், கரையாமல் வீடு வந்து சேரும். எச்சில் ஊறக்கூடாது; ஊறாமல் இருக்க வேண்டுமென்றால் பேசக்கூடாது.

வீட்டில் மனைவிக்கு ஆறாம் மாதம்.

அதே விபத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. விற்க வந்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போய் இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை வீட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தியபின் மருந்துக்கடை வந்தது. மருந்துக்கடை நிறுத்தியபின் மருந்துக்கடைக்குப் பின்னால் நிற்கிற ஆள் வந்தான். மனைவிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. நாளெல்லாம் முப்பது குழந்தைகளைத் தூக்கி இறக்கி முதுகு விட்டுப்போய் வந்த ஒரு சாயங்காலம், "பாதி போட்டுக்கோ, ஒண்ணும் ஆகாது" என்று தன் கையாலேயே கொடுத்தது மைலேஜ்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை.

பதினான்கு மாதத்துக்கு முன் அவன் மையத்தில் சேர்ந்தான். அவள் சேரவில்லை. பேர் பதிவாகும், காப்பகத்துக்குத் தெரியும், வேலை போகும் என்று பயந்தாள். தானே குறைத்துக்கொள்கிறேன் என்றாள். குறைக்கவும் செய்தாள். பிறகு வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்று ஒரேயடியாக நிறுத்தினாள். இரண்டாம் நாள் வாந்தியும் நடுக்கமும். மூன்றாம் நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் ரத்தமும் பட்டது. இருவரும் போனில் தேடிப் படித்தார்கள். கர்ப்பத்தில் திடீரென்று நிறுத்தினால் பிள்ளையே கலைந்து போகலாம் என்று இருந்தது. மறுநாள் காலை மைலேஜ் முதல் முறையாகக் கன்னத்தில் இரண்டு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தான். அது பத்து வாரத்துக்கு முந்தைய கதை.

அவளை மையத்துக்கே அழைத்து வந்திருக்கலாமே என்றால், மையத்தில் புது ஆளுக்கு நாலு மாதக் காத்திருப்பு. அவனுடைய கூட்டாளி மெக்கானிக் ஒருவன் அந்தப் பட்டியலில் பதினோரு வாரம் காத்திருந்தான். பன்னிரண்டாம் வாரம் பின்கடை ஆளிடம் வாங்கிய ஒரே மாத்திரையில் போய்ச் சேர்ந்தான். பார்க்க அதே வலி மாத்திரை, உள்ளே வேறு சரக்கு. வயிற்றுப் பிள்ளை நாலு மாதம் வரிசையில் நிற்குமா என்ன?

பாதி மருந்தில் ஓடுகிற உடம்பு, ரிசர்வில் ஓடுகிற வண்டி. விடியற்காலை நாலு மணிக்கே கால் இரண்டும் தனியாக நடக்கப் போவது போல முறுக்கும், கொட்டாவி வரும், மேலெல்லாம் சில்லென்று வேர்க்கும். வண்டி நின்றுவிடவில்லையே, அது போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கும் டார்ச் அடித்தாயிற்று. நாக்கைத் தூக்கினான், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். சரி என்றார் அக்கா. அவன் திரும்புவதற்குள், டாக்டரம்மா கூப்பிடுகிறார், ரெண்டே நிமிஷம், பார்த்துவிட்டுப் போ என்றார்.

மைலேஜ் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினான். வேலை இருக்கிறதாம். ரெண்டு நிமிஷத்தில் எந்த வண்டியும் ஓடிப்போய்விடாது என்றார் அக்கா.

டாக்டரின் அறையில் எடை பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் குளிர்பெட்டி உட்கார்ந்திருந்தது. நாற்காலியில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், மடியில் கோப்போடு. டாக்டரம்மாவின் முகத்தில் மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்ன வீட்டுக் களை.

ஊசி வந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. ஆறு மாதமாக வரிசையில் எல்லாரும் ஏங்கிக் கொண்டிருந்த ஊசி. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு தடவை போட்டால் அதுவே ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட்டுக்கொண்டிருக்கும். தினமும் வர வேண்டாம், ஜன்னல் வேண்டாம், டார்ச் வேண்டாம். இந்த மையத்துக்கு முதல் தவணை பன்னிரண்டு. பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனையிலும் வெளி மருந்து இல்லை. அதனால் முதல் ஊசி உங்களுக்குத்தான், நாளைக் காலை போடுகிறோம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

வெளியே நிற்கிற எவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலும் டாக்டர் காலில் விழுந்திருப்பான். மைலேஜுக்கோ திருடனைத் தேள் கொட்டிய கதை. நாளையிலிருந்து கையில் மாத்திரை கிடையாது. அவனுக்குள் முழு மருந்து இருக்கும், ராஜா மாதிரி நடப்பான். வீட்டில் அவள் குளியலறைத் தரையில் கிடப்பாள். தோலுக்கு அடியில் போன மருந்தை எந்தத் தரகன் பங்கு பிரிக்க முடியும்?

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். திறக்கிற ஒவ்வொரு தடவையும் குழியில் எச்சில் இறங்கும், அவளுடைய பங்கு கரையும். பேச்சை மூட்டை மூட்டையாக விற்றவன், அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையையும் தராசில் போட்டுப் பார்த்தான்.

"வேணாம் டாக்டர்," என்றான் உதட்டைப் பிரிக்காமல்.

டாக்டரம்மா சிரித்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அதிகாரி, முதல் ஆள் நீங்கள்தான், உங்கள் அனுபவத்தை நாலு வரி சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவைத் திறந்தார். தொண்டை கட்டியிருக்கிறதோ என்று தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். மைலேஜ் குவளையைப் பார்த்தான். பாலைவனத்தில்கூட எவனும் தண்ணீரைப் பார்த்து அப்படிப் பயந்திருக்க மாட்டான்.

ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம் என்றான். போடுவது ஒரு நொடி என்றார் டாக்டர். தன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுங்கள் என்றான். அவர்களுக்கும் பதினொன்று இருக்கிறது என்றார். தினமும் இங்கே வந்து நாலு முகத்தைப் பார்ப்பது மனசுக்கு ஆறுதல் என்றான். டாக்டரம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அந்த நாலு முகத்தோடு அவன் பத்து வாரமாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது கட்டிடத்துக்கே தெரியும்.

சொல்லி முடித்த கணமே தன் தவறு மைலேஜுக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை விற்க ஒரு காரணம் சொல்கிறவனை நம்பு, மூன்று காரணம் சொல்கிறவனிடம் பானெட்டைத் திறக்கச் சொல் என்று பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான். மூன்று காரணமும் மேஜையில் கிடந்தன. மேல் குழியிலிருந்து கசப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. "சும்மா வர்ற நல்ல சரக்கை ஒருத்தன் வேணாம்னு சொன்னா, பழைய சரக்குல அவனுக்கு ஏதோ வரும்படி இருக்குன்னு அர்த்தம்," என்றார் டாக்டரைப் பார்த்து. பிறகு விதியைச் சொன்னார். மாத்திரையை வெளியே கொண்டுபோனால் மையத்திலிருந்து பேர் நீக்கப்படும். பேர் நீக்கப்பட்டவன் மறுபடி சேர ஒரு வருடம். இவர் வாயை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

டார்ச் அக்கா வந்தார். மைலேஜ் வாயைத் திறந்தான். விழுங்கிவிடலாம். விழுங்கினால் அவன் தப்பித்தான். இன்றைய பங்கு போயிற்று. விழுங்காவிட்டால் அவன் பேர், அவள் பங்கு, இரண்டுமே போயிற்று. கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. தொண்டைதான் கேட்கவில்லை.

வெளிச்சம் நாக்குக்கு அடியில் போனது, இடப்பக்கம், வலப்பக்கம். அப்புறம், பத்து வாரத்தில் முதல் முறையாக, மேலே ஏறியது. அங்கேயே நின்றது. அக்காவின் மூச்சு அவன் முகத்தில் பட்டது. விளக்கு அணைந்தது.

உள்ளே ஈறு சரியில்லை, கழுவிவிட்டுக் கூட்டி வருகிறேன் என்று டாக்டரிடம் சொன்னார். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. மைலேஜுக்கே அப்படி ஒரு வாக்கியம் அந்த அவசரத்தில் வந்திருக்காது.

மருந்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். மூன்று பக்கமும் பூட்டிய அலமாரி, நடுவில் ஒரு முக்காலி. உட்காரச் சொல்லவில்லை.

"யாருக்கு?"

"விக்கல அக்கா."

"விக்கிறியான்னு நான் கேட்கல. யாருக்குன்னு கேட்டேன். விக்கிறவன் கடைத்தெருப் பக்கம் போவான். நீ பத்து வாரமா வீட்டுப் பக்கம் ஓடுற. ஜன்னல் எதுக்கு வச்சிருக்காங்க, பார்க்கத்தானே. நாலு மாத்திரை எடுக்கிறவன் இப்படிக் கொட்டாவி விட மாட்டான்."

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று அவன் கண்ணிலேயே கேள்வி இருந்திருக்க வேண்டும். கேட்டால் தெரியும், தெரிந்தால் எழுத வேண்டும், அதனால் கேட்காமல் இருந்தேன் என்றார் அக்கா. அதைச் சொன்னபோது அவனைப் பார்க்காமல் அலமாரிப் பூட்டைப் பார்த்தார்.

மைலேஜ் வழக்கமான வழியில் ஆரம்பித்தான். "ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்க அக்கா. ஒரு பேச்சுக்கு, வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க. ஒரு பேச்சுக்கு, அவங்களுக்கும் நம்ம வியாதிதான். ஆறு மாசம்."

"ஆறு மாசமா சாப்பிடுறாங்களா?"

"வயித்துல ஆறு மாசம்."

அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் மைலேஜின் வாயில் மிச்சமிருந்ததும் கரைந்து கசப்பாக இறங்கியது. அதைத் தடுக்க அவன் ஒன்றும் செய்யவில்லை.

"கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு இங்க வரிசையே கிடையாது," என்றார் அக்கா. "வந்த அன்னைக்கே சேர்க்கணும், அன்னைக்கே மருந்து. மூணு வருஷமா இதான் விதி. பெண்கள் பக்கத்துக் கதவுல இவ்வளவு பெரிசா எழுதி ஒட்டியிருக்கு. நீ யாரைக் கேட்டே?"

யாரையும் கேட்கவில்லை. அதுதான் உண்மை. பத்து வாரம் தினமும் அந்த ஜன்னலில் நின்றவன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'வயிற்றுப் பிள்ளைக்காரி வந்தால் எடுப்பீர்களா' என்று கேட்டதில்லை. சந்தையில் அவன் கற்றுக்கொண்ட முதல் பாடம், உனக்கு எது வேண்டுமோ அதன் பக்கம் திரும்பாதே என்பது. பச்சை வண்டி வேண்டுமென்றால் சிவப்பு வண்டியின் டயரை உதை. தேவை தெரிந்தால் விலை ஏறும். இருபது வருடம் அந்தப் பாடம் அவனைக் கைவிட்டதில்லை. கேட்டாலே இலவசமாகக் கிடைக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அந்தப் பாடத்தில் எங்கேயும் சொல்லவில்லை.

பிறகும் விடவில்லை, பேரம் பேசினான். அவள் பேரை எழுதாமல் பார்க்க முடியுமா? முடியாது. காப்பகத்துக்குத் தகவல் போகுமா? இங்கிருந்து போகாது, வேறு வழியில் தெரிந்தால் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கடைசியாகத்தான் அதைக் கேட்டான். பிறந்ததும் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா?

"எனக்குத் தெரியாததுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்," என்றார் அக்கா. "தெரிஞ்சதைச் சொல்றேன். நான் வந்த இந்தப் பதினோரு வருஷத்துல இங்க மருந்து எடுத்துக்கிட்டே பெத்தவங்க பதினேழு பேர். ரெண்டு பேர்கிட்டயிருந்து பிள்ளையை எடுத்தாங்க. ரெண்டு பேரும் நடுவுல மருந்தை விட்டுட்டு வெளியில வாங்கினவங்க. மத்த பதினஞ்சு பிள்ளைங்களும் அம்மாகிட்டதான் வளருது. சில பிள்ளைக்குப் பிறந்ததும் கொஞ்ச நாள் அழுகை, நடுக்கம் இருக்கும். அதுக்கு மருந்து இருக்கு, சரியாயிடும். இன்னைக்கு அவ வாயில மருந்து இல்ல. டாக்டர் ஒரு மணி வரைக்கும் இருப்பாங்க."

அக்கா அவனை டாக்டர் அறைக்குத் திருப்பி அழைத்துப் போனார். அங்கே மைலேஜ் தன் வாழ்நாளிலேயே குறைந்த வார்த்தையில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்தான். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. பத்து வாரம் பாதி மருந்தில் இருந்து நீயும் தடுமாறி வெளியே வாங்கியிருந்தால் ஒரே வீட்டில் மூன்று பிணம் விழுந்திருக்கும் என்றார். அவளை உடனே அழைத்து வா என்றார். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், வியாழக்கிழமை குழு கூடும், உன் பேர் இருக்குமா நீக்கப்படுமா என்று என்னால் இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஊசி அடுத்த ஆளுக்குப் போயிற்று. குழு முடிவு செய்கிற வரை அவனுக்கு மாத்திரையைப் பொடித்து, எதிரில் உட்கார வைத்துத்தான் கொடுப்பார்கள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுப் படி ஏறும்போது மணி பதினொன்று. அவள் கதவருகிலேயே நின்றிருந்தாள், கையில் அந்தச் சின்ன ஸ்பூன். தினமும் அவன் அதில் துப்புவான், அவள் திரும்பி நின்று வாயில் போட்டுக்கொள்வாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு ஒழுங்காக எதையும் பகிர்ந்துகொண்டதில்லை.

ஸ்பூனை நீட்டினாள். அவன் தலையசைத்தான்.

"விழுந்துடுச்சா?"

"கரைஞ்சுடுச்சு. பேச வேண்டியதாப் போச்சு."

அவள் நெற்றியில் ஏற்கெனவே வேர்வை அரும்பியிருந்தது. "முக்கால் மணி நேரம் வாயை மூடிட்டு வர முடியல உங்களால," என்றாள். இரண்டாவது கொட்டாவி வந்தது, கையால் மறைத்தாள்.

"உன்னைப் பத்தி அவங்ககிட்டச் சொல்லிட்டேன்."

ஸ்பூனை அவள் மெதுவாக ஜன்னல் திட்டில் வைத்தாள். ஓங்கிப் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என்ன விலைக்குப் பேசினீங்க என்னை?"

"பேசல. அவங்க சொன்னதை அப்படியே கேட்டுட்டு வந்திருக்கேன்."

பதினேழு, பதினைந்து, இரண்டு என்று எல்லாவற்றையும் சொன்னான். அந்த இரண்டு பேர் ஏன் என்பதையும் சொன்னான். காப்பகத்துக்குத் தெரிந்தால் வேலை போகலாம், அதற்கு யாரும் உத்தரவாதம் இல்லை என்றான். மையத்திலிருந்து தன் பேர் நீக்கப்படலாம் என்றான். அவள் கேட்டுக்கொண்டே அவன் முகத்தில் எங்கேயாவது புது வண்ணம் பூசிய இடம் தெரிகிறதா என்று தேடினாள். ஒன்பது வருடமாக அவன் வண்டி விற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

"இதுல எவ்வளவு ஏத்திச் சொல்றீங்க?"

"ஏத்தல. குறைக்கவும் இல்ல."

அவள் சுவரில் சாய்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு நாள் பின்கடை ஆளிடம் ஒன்றே ஒன்று வாங்கி வரச் சொன்னாள். பாதியை இன்றைக்கு, பாதியை நாளைக்கு. அதற்குள் யோசிப்போம். பேர் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாதே என்றாள். 'ஒண்ணும் ஆகாது, வா' என்று சொல்ல அவன் நாக்கு துடித்தது. அந்த வார்த்தைகளைச் சொல்லித்தான் முதல் பாதியைக் கொடுத்திருந்தான். அடக்கிக்கொண்டான்.

"நான் வாங்கிட்டு வர மாட்டேன்," என்றான். "மெக்கானிக் பாடைக்கு நான்தான் தோள் கொடுத்தேன்."

"அப்ப நானே போறேன்."

துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் படி இறங்கினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக. அவன் இரண்டு படி பின்னால் இறங்கினான். தெருவில் வெயில் ஏறியிருந்தது. சலவைக்கடை வாசலில் யாரோ கும்பிட்டு என்னப்பா வியாபாரம் எப்படி என்று கேட்டார்கள், அவன் தலையாட்டினான்.

தெருமுனையில் அவள் நின்றாள். இடது பக்கம் இருபது கடை தாண்டினால் மருந்துக்கடை, அதன் பின்சந்து. வலது பக்கம் பேருந்து நிறுத்தம்.

மைலேஜ் அவளுக்கு எட்டாத தூரத்தில் நின்றான். எத்தனை பேரை இப்படி ஒரு முனையில் நிறுத்தி, தோளில் கை போட்டு, தான் நினைத்த பக்கம் திருப்பியிருக்கிறான். அதற்கான வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன: பிள்ளையைச் சொல், ஆணையிடு, அழு, கோபப்படு, ஒரு மணிக்குள் என்று பயமுறுத்து. எல்லாமே வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரியும். இன்றைக்கு வேலை செய்து, நாளைக்கு அந்த ஜன்னலில் அவள் தனியாக நிற்கும்போது பல்லிளிக்கும் என்பதும் தெரியும். அவன் சொல்லி வந்தவள், இன்னொருவன் சொன்னால் போவாள். தினமும் போக வேண்டிய இடம் அது.

ஒரு வண்டி ஒலி எழுப்பிக்கொண்டு போனது. அவள் இடது பக்கம் ஓரடி வைத்தாள். மைலேஜ் கைவிரல்களை மடக்கிக்கொண்டான். அவள் இன்னும் ஓரடி வைத்தாள். பிறகு நின்று, வயிற்றின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு குனிந்தாள். பிடிப்பா, பிள்ளை புரண்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. நின்ற இடத்திலேயே நின்றான்.

அவள் நிமிர நேரமானது.

"அந்த ரெண்டு பேரு," என்றாள், திரும்பாமலே. "அவங்க ஏன் நடுவுல விட்டாங்களாம்?"

"கேட்கல. எனக்குத் தெரியாது."

அவள் அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். தெரியாது என்று அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

"நானே கேட்டுக்கறேன்," என்றாள். "எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

"ஒரு மணி."

அவள் வலது பக்கம் திரும்பினாள். பேருந்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவன் நின்றுகொண்டே வந்தான்.

பன்னிரண்டே காலுக்கு டார்ச் அக்கா பெண்கள் பக்கத்துக் கதவைத் திறந்து அவளை உள்ளே அழைத்துக்கொண்டார். கணவர் வெளியே இருக்கட்டும், கேள்விகளுக்கு அவளே பதில் சொல்லட்டும் என்றார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அக்காவின் குரல் கேட்டது, எதையோ கேட்டது. பதில் அவனுக்குக் கேட்கவில்லை. பிறகு டாக்டரம்மா வேகமாக உள்ளே போனார். ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெகு நேரம் எந்தச் சத்தமும் வரவில்லை.

பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் அதிகாரி வந்து உட்கார்ந்தார். வாக்குமூலம் தயாராகிவிட்டது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். மைலேஜ் வரிவரியாகப் படித்தான். பத்து வாரம், தினமும் இரண்டு மாத்திரை, மேல் கடைவாய், மனைவி. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. கோணல் கண்டுபிடிக்க இருபது வருடப் பழக்கம் இருந்தும் ஒரு கோணல் கிடைக்கவில்லை.

"வியாழக்கிழமை இது உங்களுக்கு எதிராத்தான் போகும்," என்றார் அதிகாரி. "தெரிஞ்சுதான் போடறீங்களா?"

மைலேஜ் பேனாவை வாங்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், எனக்கு ஒரு உதவி வேணும்," என்றான். "உள்ள அவளுக்கு மருந்து கொடுத்துட்டாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

அதிகாரி அவனை ஒரு நிமிடம் பார்த்தார். கோப்பைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் தட்டினார். பாதி திறந்த கதவில் யாருடனோ தாழ்ந்த குரலில் பேசினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இப்பத்தான் வாயில வச்சாங்களாம். பிள்ளை துடிப்பு நல்லா இருக்காம்."

மைலேஜ் பேனாவுக்குக் கையை நீட்டினான்.